புக்கிட் ரோத்தானுக்கு மேற்கே ஒரு புதுவீடு



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் பயின்றவர். இப்போது கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மணமாகி, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கையில் வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றை வைத்திருந்தார். புக்கிட் ரோத்தானிலிருந்து மேற்கே, கடற்கரையை நோக்கிச் செல்லும் சிறுசாலையின் ஓரத்தில் இரட்டைமாடி வரிசை வீடுகள் கட்டி முடியுந் தறுவாயில் உள்ளன. முன்பணத்துக்கு ஊழியர் சேமநிதி. போதாததற்கு அம்மா பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம். மீதிக்கு 35 ஆண்டு வங்கிக் கடன்.

"வாங்கலாமா சார்? கடலுக்குப் பக்கமா இருக்கு. சுனாமி வந்தா என்ன ஆகும்னு வீட்ல பயப்படுறாங்க."

நான் பொறியாளன் அல்லேன், நிலத்தரகனும் அல்லேன். இவ்வட்டாரத்தின் பழங்கதைகளைத் தேடிப் படிக்கும் ஆசிரியன், அவ்வளவே. ஆயினும் அவர் கேள்விக்கு அப்பழங்கதைகளில் விடை இருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. அன்று அவரிடம் சொன்னவற்றையும் அதன்பின் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

சுனாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வடக்கே பினாங்கைச் சேர்ந்தவர்கள். சுமாத்திரா தீவு குறுக்கே கிடப்பதால் நம் சிலாங்கூர்க் கரைக்கு அப்பேரலை அத்துணைக் கொடுமையாய் வரவில்லை. இந்தக் கரையில் வீடு வாங்குவோர் கணக்கில் கொள்ள வேண்டிய நீர் வேறு. அது நாள்தோறும் இருமுறை வந்து இருமுறை போகிறது.

நம் ஊர்ப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். புக்கிட் ரோத்தான், புக்கிட் மெலாவாத்தி, புக்கிட் பாடோங், புக்கிட் செராக்கா. புக்கிட் என்றால் குன்று என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். இவற்றுள் பல, வெளியூரார் பார்த்தால் குன்றென்றே சொல்லமாட்டாத மேடுகள்தாம். எனினும் முன்னோர் அம்மேடுகளுக்குப் பெயரிட்டு அங்கேயே தங்கினர். சுற்றிலும் கிடந்தது சேறும் சதுப்பும். கோல சிலாங்கூரில் சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை மெலாவாத்திக் குன்றின் மேல்தான் இருந்தது. 1784-இல் டச்சுக்காரர் படையெடுத்து அதைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். ஆற்று முகத்தையும் கடலையும் ஒருசேரப் பார்க்க வேண்டியவர்களுக்கு அம்மேட்டை விட்டால் வேறு இடமில்லை.

அக்குன்றின் உச்சியில் 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றால், "கடல் எங்கே சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடலுக்கும் குன்றுக்கும் இடையே இன்று ஒரு காடு கிடக்கிறது. 1987-இல் மாநில அரசு, மலேசிய இயற்கைக் கழகத்துடன் சேர்ந்து அமைத்த இயற்கைப் பூங்கா அது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் அலையாத்தி மரங்கள் வேர்பிடித்துக் கரை கடலுக்குள் நீண்டுவிட்டது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நிகழவில்லை. 1984, 85-ஆம் ஆண்டுகளில் அரசு நடத்திய தேசியக் கடலரிப்பு ஆய்வு, நாட்டின் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் 29 விழுக்காடு அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டது. கரையோரத்தில் எதைக் கட்டுவதானாலும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கருத்தைக் கேட்கவேண்டும் என்ற சுற்றறிக்கை 1987-இல் வந்தது இதன் விளைவே. ஒரே கரைதான், ஓரிடத்தில் நிலத்தைத் தருகிறது, வேறோரிடத்தில் பறித்துக்கொள்கிறது.

இனித் தோட்டங்களின் கதைக்கு வருவோம். நம்மவர் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

1890-களில் கிள்ளானையும் கோல சிலாங்கூரையும் சேர்ந்த கரையோரத் தாழ்நிலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் லைபீரியக் காப்பி பயிரிட்டனர். பிரேசிலில் காப்பி மலையாய்க் குவியவே, அப்பத்தாண்டு முடிவதற்குள் விலை விழுந்தது. காப்பிச் செடிகளுக்கு இடையே இரப்பர் கன்றுகளை நட்டவர்கள் பிழைத்தார்கள். பயிர் எதுவானாலும் முதல் வேலை ஒன்றே. கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பவேண்டும், உள்ளே தேங்கிய நீர் வடியக் கால்வாய் வெட்டவேண்டும். தமிழகத்திலிருந்து வந்து இறங்கிய நம் பாட்டன்மார், சாவகத்திலிருந்து வந்தோர், பஞ்சார் மக்கள், சீனர் எனப் பலரும் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டிய கால்வாய்கள் அவை. இன்று தாமான்களுக்கு நடுவே நேர்கோடாய் ஓடும் பெருங்கால்வாய்கள் பல, அவர்கள் வெட்டியவற்றின் வழியிலேயே ஓடுகின்றன.

அந்தக் கால்வாய்களின் வாயில் இருக்கும் மதகைப் பலர் பார்த்திருப்பீர்கள். தூண்டில் போட வசதியான இடம் என்று மட்டும் நினைத்திருப்பீர்கள். அதன் வேலையை விளக்குகிறேன். இக்கரையில் பன்னிரண்டே கால் மணிநேரத்துக்குச் சற்று மேலாக ஒருமுறை கடல் பொங்கும், இடையில் வற்றும். முழுநிலவை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும் வரும் பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே கிள்ளான் துறைமுகப் பகுதியில் நான்கு மீட்டருக்கும் மேலான வேறுபாடு உண்டு. கடல் வற்றியிருக்கும்போது மதகு திறந்து உள்நீரை வெளியே விடும். பொங்கும்போது மூடி, கடல்நீரைத் தடுக்கும். ஆக, ஒரு நாளில் சில மணிநேரமே உள்நீர் வெளியேற வழியுண்டு. கடல் பொங்கும் வேளையில் பெருமழையும் கொட்டினால், பெய்த நீர் முழுவதும் மதகு திறக்கும்வரை உள்ளேயே காத்துக் கிடக்கவேண்டும். எங்கே காத்துக் கிடக்கும்? இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில்! சிலாங்கூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. ஆண்டின் பெரிய கடலேற்றங்கள் சில வருவதும் அதே பருவத்தில்தான்.

அந்நாளில் தோட்டத்தில் தாழ்ந்த இடம் யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. துரை பங்களா மேட்டில் இருக்கும். அதற்கடுத்த மேட்டில் கிராணி வீடுகள். நம்மவர் லயங்கள் பெரும்பாலும் கீழே, கால்வாய்க்கும் சதுப்புக்கும் பக்கத்தில். மழை நாளில் அடுப்பைத் தூக்கி மேலே வைத்துக்கொண்ட கதையை எந்தத் தோட்டத்துப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வார்.

கடலோரத்தில் புதிதாய்க் கட்டிய குடியிருப்பு என்றதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது போர்ட் சுவெட்டன்ஹாம். 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் அதே துறைமுகம். அலையாத்திக் காட்டை வெட்டி, இரயில் பாதை போட்டு, புத்தம்புதுக் கட்டடங்களுடன் 1901 செப்டம்பரில் திறந்தார்கள். கட்டடங்களில் குறையேதும் சொல்வதற்கில்லை. ஆனால் சுற்றியிருந்த சதுப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். சில மாதங்களில் மலேரியாக் காய்ச்சல் குடியிருப்பையே படுக்கையில் தள்ளியது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்று ஆள்வோர் பேசும் அளவுக்குப் போயிற்று.

அவ்வேளையில் கிள்ளான் மாவட்ட மருத்துவராயிருந்தவர் மால்கம் வாட்சன். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் மருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. கடல்நீர் ஏறாமல் கரை கட்டவும், தேங்கிய நீரை வடிக்கவும், புதர்களை வெட்டவும் அரசை இணங்கவைத்தார். காய்ச்சல் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது. பின்னர்க் கரையோரத் தோட்டங்களிலும் இதே வேலையைச் செய்யத் தூண்டினார். நம் பாட்டன்மார் எத்தனை பேரின் உயிர் அந்தக் கால்வாய்களால் தப்பியது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். வீட்டைக் கட்டியவர்கள் செய்யத் தவறியதை, ஒரு மருத்துவர் மண்வெட்டிக்காரர்களைக் கொண்டு செய்து முடித்தார்.

பின்னர் வந்தது செம்பனை. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது நம் மாவட்டத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் உள்ள அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமாரம்'. தென்னைமரத்தின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வளர்ந்தது ஒரு வேடிக்கை! அதை நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோக்கோனியே. இவ்வட்டார வாழ்வை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பெயர்கள் மாறுகின்றன, எந்த இடம் பள்ளம், எந்த இடம் மேடு என்பதோ அப்படியே இருக்கிறது.

1932-இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தோன்றியபின் கடற்கரைக் கரைகளும் மதகுகளும் மெல்ல மெல்ல அரசின் பொறுப்பில் வந்தன. தோட்டம் தோட்டமாய் இருந்தவரை, உள்கால்வாய்களைத் தூர்வாருவது நிர்வாகத்தின் வேலை. கால்வாய் அடைத்தால் மரம் சாகும், மரம் செத்தால் இலாபம் போகும்; ஆகவே செய்தார்கள். தோட்டம் தாமானாக மாறும்போது அந்தப் பொறுப்பு யார் கைக்குப் போகிறது? மாணவரிடம் நான் வற்புறுத்திய கேள்வி இதுதான். 2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். கிள்ளான் ஆற்றங்கரையின் தாழ்நிலத்தில் எழுந்த குடியிருப்பு அது. கூரைமேல் ஏறி நின்றவர்களில் எத்தனை பேர் வீடு வாங்கும்போது வடிகாலைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

இவ்வளவும் கேட்டபின் மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போ வாங்கவேணாம்னு சொல்றீங்களா சார்?" என்றார்.

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் மக்களுக்குச் சொந்த வீடு என்பது என்ன என்பதை நான் அறிவேன். தலைமுறை தலைமுறையாய் லயத்தில் வாழ்ந்தும், வேலை ஓய்ந்த மறுமாதமே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் நாம். தோட்டங்களைத் துண்டு துண்டாய் விற்கத் தொடங்கிய காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாய்ப் பங்குப் பணம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. காலடி மண் நமதாக வேண்டும் என்ற தவிப்பு அது. பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஐந்து தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்து, 2023-இல்தான் 245 வீடுகளுக்கான திட்டம் தொடங்கக் கண்டன. இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை வீடு வாங்கப் புறப்படுகையில், "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது?

"முழுநிலவு அன்று போய்ப் பார்ப்போம், அம்மாவையும் அழைத்து வா" என்றேன்.

சென்றோம். கடலேற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சத்தில் இருக்கும் நேரமாகவே போனோம். முந்திய இரவு மழை பெய்திருந்தது நம் நல்லூழ். வீடுகள் அழகாகத்தான் இருந்தன. விற்பனைப் பெண் அன்பாகப் பேசினார்; முன்பதிவுக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்தால் முனைவீடு கிடைக்கும் என்றார். வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மேம்பாட்டாளர் இப்படிப் பணம் வாங்கக்கூடாது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நம்மவர் பலருக்கு இன்றும் தெரியாது. அதே சட்டத்தின் கீழ்வரும் ஒப்பந்தத்தில், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் கட்டடப் பழுதுகளை மேம்பாட்டாளரே சரிசெய்து தரவேண்டும். மறுத்தால், 2002 முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம்.

நிலப்பட்டாவின் நகலையும் கேட்டோம். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? நிலத்தின் வகை 'கட்டடம்' என மாறிவிட்டதா, இன்னும் 'விவசாயம்' என்றே கிடக்கிறதா? 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய மலாய் ஒதுக்கீட்டு நிலம் இக்கரையோரத்தில் ஏராளம்; அத்தகைய நிலத்தை நம்மவர் வாங்க இயலாது. இந்த நிலத்தில் அவ்விதச் சிக்கல் எதுவுமில்லை.

ஆனால் எதிர்ச்சாலையில் சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளைப் பார்த்தபோது எனக்குத் துணுக்குற்றது. வீடுகள் நேராகவே நின்றன. பின்னால் அவரவர் சேர்த்துக் கட்டிய அடுக்களைகளோ சாய்ந்து, சுவரிலிருந்து விரலளவு விலகியிருந்தன. வீட்டைப் பைலிங் தூண்கள் தாங்குகின்றன. பிற்பாடு சேர்த்த அடுக்களைக்குத் தூண் கிடையாது. மென்மையான கடற்களிமண்ணின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏற ஏற அக்களிமண் நீரைக் கசியவிட்டு ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். இதற்கு 24 மாதக் காப்பு ஒன்றும் செய்யாது.

இவ்வளவு நேரமும் அம்மா ஒன்றும் பேசவில்லை. சாலை முனையில் இருந்த பெருங்கால்வாய்ப் பக்கம் தனியே நடந்து போனார். நீர் விளிம்பு வரை நிறைந்து, அசைவின்றி நின்றது. திரும்பி வந்து மகனிடம் கேட்டார்.

"இது பதிமூணாம் நம்பர் தீம்பார்தானே?"

"தெரியலம்மா. தாமான் பேரு வேறயா இருக்கு."

"பதிமூணாம் நம்பர்தான். அந்தக் கான் வளையிற எடம் எனக்குத் தெரியாதா? மழை பெஞ்சா மூணு நாளைக்கு இங்க மரம் வெட்ட முடியாது வாத்தியாரே. மங்கு எல்லாம் மெதக்கும். தண்டல் எங்களை மேட்டுத் தீம்பாருக்கு மாத்தி விடுவாரு."

விற்பனைப் பெண், நிலத்தை மண்கொட்டி உயர்த்தியிருப்பதாகச் சொன்னார். அது உண்மையே, சாலையை விட வீடுகள் முழங்காலளவு உயரத்தில் இருந்தன. அந்த உயரம் போதுமா என்பதை என்னால் கணிக்க இயலாது. கடல்மட்டம் மெல்ல உயர்ந்துவரும் காலத்தில், 35 ஆண்டுக் கடன் முடியும்வரை அது போதுமா என்பதையும் கணிக்க இயலாது. ஆனால் அந்த நிலத்தில் பதினெட்டு ஆண்டு பால்மரம் வெட்டியவர் ஒருவர் நம்மோடு நின்று சொல்லும்போது, அதை விளம்பரத் தாளுக்குக் கீழே வைக்க எனக்குத் துணிவில்லை. மாணவர் அன்று பணம் கொடுக்கவில்லை.

புறப்படும் வேளையில் அம்மா கிழக்குப் பக்கம் கையை நீட்டி, அங்கே என்ன கட்டப்போகிறார்கள் என்று கேட்டார். அது இரண்டாம் கட்டமாம். அடுத்த ஆண்டுதான் தொடங்குமாம், விலை சற்றுக் கூடுதலாகுமாம்.

"அங்கதான் கிராணி வீடுங்க இருந்துச்சு. வெள்ளம் ஏறினதே இல்ல. பால் ஊத்திட்டு வரும்போது அந்த வழியா நடந்தா வெரட்டுவாங்க."

இப்போது மகன் அந்த இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்கிறார். அதுவரை கிள்ளானில் வாடகை வீடுதான். மாதாமாதம் கட்டும் வாடகை வீண் என்று மருமகளுக்குச் சற்று மனக்குறை உண்டு. சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, மேட்டு நிலத்திலும் மண்பரிசோதனை அறிக்கையையும் வடிகால் வரைபடத்தையும் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார். அம்மா பின்னாலிருந்து, கிராணி வீட்டு வாசலில் நின்ற பலாமரத்தை வெட்டிவிட்டார்களா என்று கேட்கச் சொன்னார். அடுத்த முழுநிலவுக்குப் போகும்போது பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.